பார்லோவின் வாக்கியமும் 2147483647 என்னும் பகா எண்ணும்

1811ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த எண் கோட்பாட்டு நூலொன்றில் பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலக் கணிதவியலார் எழுதிய ஒரு வாக்கியம், கணித வரலாற்றில் பலரால் எடுத்தாளப்படுவது. மனிதர் என்றும் கண்டறியக்கூடிய பகா எண்களுள் மிகப் பெரியது 2147483647 என்றும், இத்தகைய எண்களால் பயனேதும் இல்லையாதலின் இதற்கு அப்பால் தேட எவரும் முனையமாட்டார் என்றும் அவர் கூறியதாகப் பொதுவாசகர்க்கான கணித நூல்களில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கணிப்பொறி யுகத்தில் வாழ்வோர்க்கு இது நல்ல நகைப்பொருள். ஆனால் பார்லோவின் மூல வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து நோக்குமிடத்து, அம்முன்னுரைப்பின் எழுவாய் பகா எண் அன்று என்பது தெளிவாகும். எழுவாய் இடம் மாறியது எவ்வாறு, மாறியதனால் வரலாற்றில் நேர்ந்த பிழை யாது என்பவற்றை ஆராய்வதற்கு முன், அவ்வெண்ணின் இயல்பையும் அது பகா எண் என்று நிறுவப்பட்ட முறையையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

எண்ணும் பெயரும்

இரண்டை முப்பத்தொருமுறை தன்னோடு தானே பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இவ்வெண். கணிதக் குறியீட்டில் 2³¹ − 1. தமிழில் இதனை இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று படிக்கிறோம். பிரெஞ்சு மொழியினர் ஆயிரம் மில்லியனை 'மில்லியார்' என்று வழங்குவர். அவர்களுக்கு இது இரண்டு மில்லியாரும் சிலவும். அமெரிக்கர்க்கு இரண்டு பில்லியனும் சிலவும். பிரிட்டனில் 'பில்லியன்' என்ற சொல் நெடுங்காலம் மில்லியன் மில்லியனைக் குறித்து வந்தமையால், பார்லோவின் காலத்து ஆங்கிலேயர் இதனை இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தேழு மில்லியன் என்றே படித்திருப்பர். பிரிட்டன் அரசு 1974இல்தான் அமெரிக்க வழக்கைத் தன் அலுவல் வழக்காக ஏற்றது. பழைய ஆங்கிலக் கணித நூல்களை மொழிபெயர்ப்போர் இச்சொல்லைக் காணும்போதெல்லாம் நூலின் ஆண்டையும் நாட்டையும் நோக்குதல் நன்று. சொல் ஒன்றாயிருக்க அளவு ஆயிரம் மடங்கு வேறுபடும் இடம் இது.

'பகா எண்' என்ற கலைச்சொல்லும் சிந்திக்கத்தக்கது. கிரேக்கரும் இலத்தீன் ஆசிரியரும் இவ்வகை எண்ணை 'முதல்' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். ஐரோப்பிய மொழிகள் பலவும் அதனையே பின்பற்றின. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் 'முதன்மை எண்' அச்சொல்லின் வழிவந்தது. தமிழகத்தின் 'பகா எண்' சொல்லை விடுத்துப் பண்பை மொழிபெயர்க்கிறது. இதில் உள்ள 'பகா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நன்னூலின் பதவியல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரிப்பதை அறிந்த வாசகர்க்கு இக்கலைச்சொல் அயன்மையாகத் தோன்றுவதில்லை. இரண்டுள் எது சிறந்தது என்னும் வழக்கு ஈண்டு வேண்டுவதில்லை. பள்ளி மாணவர்க்கு விளங்குவது 'பகா எண்' என்பதே. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. 'பகா' என்பது பிறர் இன்னும் பகுக்கவில்லை என்னும் பொருளில் வந்தது அன்று; பகுக்கவே இயலாது என்னும் பொருளில் வந்தது. 2147483647இன் வரலாறு முழுவதும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடந்த வரலாறு எனலாம்.

கூறியோரும் நிறுவியவரும்

இத்தகைய எண்களின்மீது பழங்காலத்தவர்க்கு நாட்டம் பிறந்தது நிறைவெண்களால். தன்னைவிடச் சிறிய தன் காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும். 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. யூக்ளிடு தம் நூலின் ஒன்பதாம் பகுதியில், இரண்டின் அடுக்கொன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் எண் பகா எண்ணாயின், அதனை முந்தைய அடுக்கால் பெருக்கி வருவது நிறைவெண்ணாகும் என்று நிறுவினார். எனவே நிறைவெண் தேடுவோர் இவ்வகைப் பகா எண்களைத் தேட வேண்டியவராயினர். அடுக்கு பகு எண்ணாயின் கிடைப்பதும் பகு எண்ணே. ஆனால் அடுக்கு பகா எண்ணாயிருப்பது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047; இது 23 × 89 என்பது 1536இலேயே அச்சில் வந்தது.

பொலோஞா நகரத்துக் கட்டால்டி 17, 19 என்னும் அடுக்குகள் பகா எண்களைத் தருகின்றன என்று 1588இல் கண்டு 1603இல் வெளியிட்டார். அவர் முறை எளிது: ஐயத்துக்குரிய எண்ணை அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்ப்பது. 2¹⁹ − 1 = 524287; இதன் வர்க்கமூலம் 724ஐ ஒட்டியது. கட்டால்டியிடம் 750 வரையிலான பகா எண்களின் பட்டியல் இருந்தது. ஆகவே அவருடைய முடிவு சரியான முடிவு மட்டுமன்று, நிறுவப்பட்ட முடிவும் ஆகும். ஆனால் அவர் அங்கு நிற்கவில்லை. 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று எழுதிச் சென்றார். இந்நான்கில் மூன்று தவறு. 23, 37 ஆகியவற்றின் தவற்றை 1640இல் ஃபெர்மா காட்டினார். முன்னதை 47 வகுக்கும், பின்னதை 223 வகுக்கும். 29இன் தவற்றை ஆய்லர் காட்டினார். அவ்வெண் 233 × 1103 × 2089. எஞ்சிய 31 மட்டும் உண்மையாய் அமைந்தது. அதனைச் சோதிக்கக் கட்டால்டிக்கு 46340 வரையுள்ள 4792 பகா எண்களின் பட்டியல் தேவைப்பட்டிருக்கும். அவரிடம் இருந்தது அதில் மிகச் சிறு பகுதியே.

1644இல் பாரிசு நகரத்துத் துறவி மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இடம்பெற்றது. 257 வரையுள்ள அடுக்குகளுள் பகா எண் தருவன 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே என்பது அவர் கூற்று. இதில் 67உம் 257உம் பிழையாகச் சேர்ந்தவை. 61, 89, 107 ஆகியன பிழையாக விடப்பட்டவை. பதினைந்து இருபது இலக்கங்கள் கொண்ட எண்ணொன்று பகா எண்தானா என்று அறியக் காலம் முழுவதும் போதாது என்ற கருத்தையும் அதே மெர்சென்தான் எழுதினார் என்பது வியப்பளிப்பது. இவ்வகை எண்கள் இன்று அவர் பெயராலேயே மெர்சென் எண்கள் எனப்படுகின்றன. நிறுவியவர் பெயர் அன்றிப் பட்டியலிட்டவர் பெயரே நிலைத்தது.

2³¹ − 1 பகா எண் என்பதைக் 'கண்டவர்' யார் என்று கேட்டால், 'காண்' என்னும் வினைச்சொல் விடையைக் குழப்பிவிடும். கட்டால்டி கூறினார், மெர்சென் மீண்டும் கூறினார், ஆய்லர் நிறுவினார். உண்மையைக் கூறுவதும் உண்மையென்று அறிந்து கூறுவதும் ஒன்றல்ல. ஆய்லரே 1752இல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் தாம் அறிந்த நிறைவெண்கள் ஏழே என்றும், 2³¹ − 1 பகா எண்ணா என்பது தமக்கு உறுதியில்லை என்றும் எழுதினார். கட்டால்டிக்கும் மெர்சென்னுக்கும் இல்லாத ஐயம் அவர்கள் அனைவரையும் விட வல்லவருக்கு இருந்தது.

ஆய்லர் வகுத்த வழி

ஆய்லரின் ஐயம் தீர இருபது ஆண்டுகள் சென்றன. அவர் அப்போது பீட்டர்சுபர்க்கில் வாழ்ந்தார். கண்பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார். பெர்லினில் இருந்த மூன்றாம் யோகான் பெர்னூலிக்கு அவர் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி, பெர்லின் கழகத்தின் 1772ஆம் ஆண்டுக்குரிய தொகுதியில் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. மிகச் சுருக்கமான குறிப்பு அது. அதன் உள்ளீடு பின்வருமாறு.

பகா எண்ணொன்று 2³¹ − 1ஐ மீதியின்றி வகுப்பதாகக் கொள்வோம். அப்போது 2³¹ஐ அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. 31 பகா எண்ணாதலால், மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 31ஆகவே இருக்கும். ஃபெர்மாவின் தேற்றப்படி, வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கும் மீதி 1 தரும். ஆகவே வகுக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31இன் மடங்கு வரவேண்டும். வகுக்கும் எண் ஒற்றை எண் என்பதால் அது 62இன் மடங்கும் ஆகும். இது முதல் விதி. அடுத்து, 2³²ஐ அவ்வெண்ணால் வகுத்தால் மீதி 2. 2³² என்பதோ 65536இன் வர்க்கம். வர்க்க எண்ணொன்று மீதி 2 தருமாறு அமையும் பகா எண்களை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இது இரண்டாம் விதி. இரண்டையும் இணைத்தால், வகுக்கும் எண் 248இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 248இன் மடங்கோடு 63 கூட்டியதாகவோதான் இருக்க இயலும்.

மேற்கண்ட 2047ஐக் கொண்டு இதனைச் சரிபார்க்கலாம். அங்கு அடுக்கு 11; ஆகவே காரணிகள் 22இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாக இருத்தல் வேண்டும். 23 = 22 + 1; 89 = 88 + 1. எட்டால் வகுக்க முறையே 7உம் 1உம் மீதி.

2147483647இன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே விஞ்சியது. அந்த எல்லைக்குள் ஆய்லர் கூறிய இரு வடிவங்களில் அமையும் எண்கள், 1ஐயும் வெளிப்படையாகவே பகு எண்ணான 63ஐயும் விலக்கினால், 372 மட்டுமே. அவற்றுள்ளும் பல பகு எண்கள். அவற்றால் வகுத்துப் பார்க்க வேண்டுவதில்லை. 46339 வரை அவ்வடிவில் அமைந்த பகா எண்கள் எவையும் வகுக்கவில்லை என்று ஆய்லர் எழுதினார். 4792 வகுத்தல்கள் 372க்கும் கீழாகக் குறைந்தன. இக்குறைப்பைச் செய்தது கணக்கிடும் உழைப்பன்று. தோன்றக்கூடிய காரணியின் உருவத்தை முன்கூட்டியே அறியும் அறிவு. இதனுடன் எட்டாவது நிறைவெண்ணும் உறுதியாயிற்று: 2305843008139952128, அதாவது ஏறத்தாழ இருபத்து மூவாயிரம் கோடி கோடி.

பார்லோவின் வாக்கியம்

பார்லோ வூலிச்சிலிருந்த அரச இராணுவக் கல்விக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். வர்க்கங்கள், மூலங்கள் முதலியவற்றின் அட்டவணைகளால் பெயர் பெற்றவர். பிற்காலத்தில் கப்பல்களின் திசைகாட்டியில் இரும்பினால் நேரும் பிழையைத் திருத்தும் ஆய்விலும் ஈடுபட்டார். எண் கோட்பாட்டு நூலை எழுதிய கையே அட்டவணைகளையும் எழுதியது என்பதை மறக்கலாகாது. பயன் என்ற அளவுகோலை அவர் இயல்பாகவே கையிலெடுத்தார்.

அவருடைய வாக்கியம் நான்கு உறுப்புகளால் ஆனது. முதலாவது, 2³¹ − 1 பகா எண் என்பதை ஆய்லர் உறுதிசெய்தார் என்பது. இரண்டாவது, இன்று அறியப்பட்ட பகா எண்களுள் இதுவே பெரியது என்பது. மூன்றாவது, ஆகவே இதனைச் சார்ந்து நிற்கும் இறுதி நிறைவெண் இன்று அறியப்பட்ட நிறைவெண்களுள் பெரியது, இனி அறியப்படக்கூடியவற்றுள்ளும் அதுவே பெரியதாகலாம் என்பது. நான்காவது, அவை ஆர்வத்துக்குரியனவேயன்றிப் பயனுடையன அல்லவாதலால் இதற்கப்பால் ஒன்றைத் தேட எவரும் முயல்வது நிகழக்கூடியதன்று என்பது. பகா எண்ணுக்கு அவர் கூறியது 'இன்று' என்னும் வரம்புக்குட்பட்ட உண்மை மட்டுமே. 'இனி' என்னும் முன்னுரைப்பு மூன்றாம் உறுப்பில், நிறைவெண்ணின்மேல் தொடங்குகிறது. நான்காம் உறுப்பின் 'அவை' என்னும் சுட்டு அண்மையிலுள்ள நிறைவெண்களையே சுட்டுகிறது. 1814இல் அவர் வெளியிட்ட கணித அகராதியிலும் இக்கருத்தை மீண்டும் எழுதினார்.

பிற்காலத்தார் செய்தது யாதெனில், மூன்றாம் உறுப்பின் எழுவாயை நீக்கி, இரண்டாம் உறுப்பின் எழுவாயோடு அதன் பயனிலையைப் பொருத்தியதே. நீண்ட வாக்கியத்தைச் சுருக்குவோர் நடுப்பகுதியை விடுத்து இரு முனைகளை இணைப்பது இயல்பு; இங்கு நடுப்பகுதியில்தான் எழுவாய் மாறுகிறது. தமிழாக்கத்தில் இப்பிழை இன்னும் எளிதாக நுழையும். ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் வரும் தொடர் தமிழில் பெயரெச்சமாகி முன்னே செல்லும். 'இதனைச் சார்ந்து நிற்கும் இறுதி நிறைவெண்' என்று எழுதும்போது 'இதனை' என்னும் சுட்டு முதலில் வந்து, பகா எண்ணையே வாசகர் மனத்தில் மீண்டும் நிறுத்துகிறது. அடுத்து வரும் 'அவை' என்பதற்குப் பகா எண்களும் நிறைவெண்களும் என இரு முன்னிலைப் பெயர்கள் போட்டியிடுகின்றன. மூன்றாம் உறுப்பைத் தனி வாக்கியமாக்கி, நான்காம் உறுப்பில் 'அவை' என்பதற்கு ஈடாக 'நிறைவெண்கள்' என்று பெயரையே மீட்டும் எழுதுவதன்றி வேறு வழியில்லை. கூறியது கூறல் இங்குக் குற்றமாகாது.

மற்றொன்றும் உண்டு. பார்லோ தம் முன்னுரைப்பை ஐயப்பாட்டுச் சொல்லோடுதான் எழுதினார். அதற்குத் தமிழில் பலர் இடும் 'பெரும்பாலும்' என்ற சொல் 'மிகுதியான நேர்வுகளில்' என்றும் பொருள்படுவது. ஒரே ஓர் எண்ணைப் பற்றிய கூற்றில் அது பொருந்தாமல் நிற்கும். பொருந்தாத சொல்லைப் பதிப்பாளர் நீக்கிவிட, ஐயம் துணிபாக மாறிவிடுகிறது. 'ஆகலாம்' என்னும் வினைமுற்றே இவ்விடத்துக்கு ஏற்றது.

எழுவாய் எதுவாயினும் பார்லோ பிழைத்தவரே, ஆகவே வேறுபாட்டால் என்ன என்று வினவலாம். இரட்டைப்படை நிறைவெண்கள் யாவும் யூக்ளிடின் வடிவத்தில் அமைந்தவையே என்பதை ஆய்லர் நிறுவியிருந்தமையால், புதிய இரட்டைப்படை நிறைவெண் தோன்றப் புதிய மெர்சென் பகா எண் வேண்டும். ஆனால் பெரிய பகா எண் ஒவ்வொன்றும் மெர்சென் எண்ணாதல் வேண்டுவதில்லை. 1855இல் கிளாவுசன் 67280421310721 என்னும் பகா எண்ணை, மெய்ப்பிப்பு வழங்காமல், குறிப்பிட்டார். 1867இல் லான்றி 2⁵⁹ − 1ஐ 179951 × 3203431780337 எனப் பகுத்தார். இரண்டாம் காரணி பகா எண் என்பது நிறுவப்பட்டது. இவ்விரண்டும் 2147483647ஐ விடப் பெரியவை. இரண்டும் நிறைவெண் எதனையும் தருவன அல்ல. ஆகவே முன்னுரைப்பு பகா எண்ணைப் பற்றியதாயின் அது 1867இலேனும் வீழ்ந்தது. நிறைவெண்ணைப் பற்றியதாயின் 1876இல், லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டியபோதுதான் வீழ்ந்தது. 2⁶¹ − 1ஐ உருசியப் பாதிரியார் பெர்வூஷின் நிறுவியது 1883இல். 1867ஐ எல்லையாகக் கொண்டு பார்லோவின் தோல்வியைக் கணக்கிடுவோர் அவர் சொல்லாத ஒன்றின் தோல்வியைக் கணக்கிடுகின்றனர்.

பயனின்மை பற்றி

'பயனற்றவை' என்ற தீர்ப்பு நிறைவெண்களைப் பொறுத்தவரை இன்றும் பெரிதும் பொருந்துவதே. அத்தீர்ப்பு பகா எண்ணின் தலையில் ஏற்றப்பட்டபோதுதான் நகைப்புக்கிடமாயிற்று. 2147483647 என்னும் இவ்வெண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 1969இல் லூயிசு, குட்மன், மில்லர் ஆகியோர் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணிப்பொறிக்கென அமைத்த போலிச் சமவாய்ப்பு எண் உருவாக்கி இதனை அடிப்படையாகக் கொண்டது. ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி 2147483647ஆல் வகுத்து மீதியைக் கொள்வது. அம்மீதியை மீண்டும் அவ்வாறே செய்வது. எங்குத் தொடங்கினும் 1 முதல் 2147483646 வரையுள்ள எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்த பின்னரே தொடங்கிய எண் மீளும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தாலன்றி இது நிகழாது. 16807 என்பது 7⁵. அவ்வெண் தக்கதா என்பதைச் சோதிக்க 2147483646இன் காரணிகள் தேவை: 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. 1988இல் பார்க்கும் மில்லரும் இதனைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். பின்னர் இதனினும் வலிய முறைகள் வந்துவிட்டன.

இதே எண் வேறொரு வழியிலும் கணிப்பொறிகளில் புகழ்பெற்றது. முப்பத்திரண்டு இருமக் குறிகளில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. 1970 சனவரி 1 முதல் நொடிகளை அவ்வாறு எண்ணும் கடிகாரங்கள் 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் தம் எல்லையை எட்டும். இவ்விடத்தில் அது பகா எண்ணாயிருப்பதற்கு யாதொரு பங்கும் இல்லை, தற்செயல் மட்டுமே. பொது நூல்கள் இவ்விரண்டையும் ஒருங்கே எழுதிப் பகாத் தன்மைக்கு உரியதல்லாத பெருமையையும் ஏற்றிவிடுகின்றன.

தேடல் நின்றபாடில்லை. லூக்காவும் அவருக்குப் பின் லேமரும் வகுத்த சோதனையால் 2147483647ஐச் சோதிக்க வகுத்துக் காரணி தேடவே வேண்டாம்: நான்கில் தொடங்கி, வர்க்கமாக்கி இரண்டைக் கழித்து மீதி கொள்வதை 29 முறை செய்தால் இறுதி மீதி சுழியாகும். இச்சோதனையின் வழிவந்த தேடலில் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணின் அடுக்கு 136279841. அதன் இலக்கங்கள் 4,10,24,320.

2147483647இன் அடுக்கான 31உம் ஒரு மெர்சென் பகா எண்ணே: 2⁵ − 1. மெர்சென் பகா எண்ணையே அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண்களாக இதுகாறும் அறியப்பட்டவை நான்கு: 7, 127, 2147483647, மற்றும் லூக்காவின் 2¹²⁷ − 1. அவ்வாறாயின் 2147483647ஐயே அடுக்காக்கினால் வருவதும் பகா எண்ணாகுமா என்ற வினா எழுவது இயல்பு. அவ்வெண்ணுக்கு 64 கோடியே 64 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள். 1983இல் அதற்கு ஒரு காரணி கண்டறியப்பட்டது: 295257526626031. இதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2147483647இன் 137490 மடங்கு. எட்டால் வகுத்தால் மீதி 7. பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தின் இரு விதிகளும் அதில் பொருந்தி நிற்கின்றன.